இரண்டு என்ஜினும் ஒரே நேரத்தில் எப்படி மக்கர் பண்ணும்? விமானத்தின் 'ஸ்பேர்' கணக்கு இதுதான்!

2008 ஜனவரி 17, மதியம். பெய்ஜிங்கில் இருந்து பத்து மணி நேரத்துக்கும் மேல் பறந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 38 விமானம், லண்டன் ஹீத்ரோவில் இறங்கத் தயாராக இருந்தது. போயிங் 777 ரகம். இரண்டு என்ஜின். உள்ளே 152 பேர். ஓடுதளம் எதிரே தெரிகிறது. தரையில் இருந்து 720 அடி உயரத்தில், 'இன்னும் கொஞ்சம் விசை கொடு' என்று விமானத்தின் தானியங்கி அமைப்பு என்ஜின்களிடம் கேட்டது. வலது என்ஜின் கொடுக்கவில்லை. இருந்த விசையும் குறைந்தது. ஏழு விநாடி கழித்து இடது என்ஜினும் அதே கதை.

விமானிகள் லீவரை முழுசாக முன்னால் தள்ளிப் பார்த்தார்கள். ம்ஹூம். இரண்டு என்ஜினும் அணையவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கேட்டதைத் தரவில்லை. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஜான் கோவர்ட். பக்கத்தில் இருந்த கேப்டன் பீட்டர் பர்கில், இறக்கையில் விரித்திருந்த ஃபிளாப்பை ஒரு படி குறைத்தார். காற்றின் இழுவை கொஞ்சம் குறையும், இன்னும் சில மீட்டர் போகலாம் என்ற கணக்கு. விமானம் ஓடுதளத்துக்கு சுமார் 330 மீட்டர் முன்னாடியே புல்தரையில் விழுந்தது. ஒருவருக்குக் கால் முறிந்தது. பலருக்குச் சிறு காயங்கள். யாரும் சாகவில்லை.

ஒரு என்ஜின் போவது சரி, நடக்கக்கூடியதுதான். அதற்காகத்தானே இன்னொன்று? ஏழே விநாடி இடைவெளியில் இரண்டும் எப்படி? அதுவும் ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனிக் கணினி இருக்கும்போது?

லீவருக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு கணினி

முதலில் அந்தக் கணினியைப் பார்த்துவிடலாம். அதன் பெயர் ஃபேடெக். முழு அதிகாரம் கொண்ட டிஜிட்டல் என்ஜின் கட்டுப்பாடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். என்ஜினின் மேல் உறைக்குள், ஃபேன் பகுதியை ஒட்டி ஒரு பெட்டியாகப் பொருத்தியிருப்பார்கள்.

பழைய கார்புரேட்டர் பைக் ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். காலையில் சோக்கை இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைப் பதமாகத் திருகி, அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது வரும் வண்டிகளில் அந்த வேலையை ஒரு சின்ன கணினி பார்த்துக்கொள்கிறது. ஜெட் என்ஜினிலும் அதுதான் நடந்தது. முன்பெல்லாம் காக்பிட் லீவரில் இருந்து என்ஜின் வரை கம்பி போகும். விமானி வேகமாகத் தள்ளினால் என்ஜின் சூடாகிவிடும், இல்லையென்றால் உள்ளே காற்றோட்டம் குலைந்து வெடிச்சத்தம் போடும். மீட்டரைப் பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும்.

இப்போது விமானி லீவரைத் தள்ளினால் 'இவ்வளவு விசை வேணும்' என்ற கோரிக்கை மட்டும் வயர் வழியாகப் போகும். வெளிக்காற்றின் வெப்பம், அழுத்தம், சுழலும் வேகம், வெளியேறும் புகையின் சூடு எல்லாவற்றையும் விநாடிக்குப் பல முறை அளந்து, எத்தனை எரிபொருள் விடலாம் என்று ஃபேடெக் முடிவு செய்யும். விமானி எவ்வளவு முரட்டுத்தனமாகத் தள்ளினாலும் என்ஜின் தாங்கும் வேகத்தில்தான் விசை ஏறும். பயணிகள் விமானத்தில் இது முதலில் வந்தது 1984-ல், போயிங் 757-ல் பொருத்திய பிராட் அண்ட் விட்னி என்ஜினில். நம்ம ஊர் வானத்தில் அதிகம் தெரியும் ஏர்பஸ் ஏ320 குடும்பம் 1988-ல் சேவைக்கு வந்த நாளில் இருந்தே ஃபேடெக்தான்.

பெயரில் இருக்கும் 'முழு அதிகாரம்' சும்மா போட்ட வார்த்தை இல்லை. கணினி மொத்தமாகச் செத்துப்போனால், 'சரி, நானே கையால் ஓட்டிக்கிறேன்' என்று விமானி அந்த என்ஜினை எடுத்துக்கொள்ள முடியாது. மாற்று வழியே கிடையாது. கேட்டால் பகீர் என்றுதான் இருக்கும்.

அதனால்தான் பெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளே கணினி இரண்டு. சேனல் ஏ, சேனல் பி என்பார்கள். முக்கியமான சென்சார்கள் ஒவ்வொன்றும் இரட்டை, சேனலுக்கு ஒன்று. லீவர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சென்சாரும் இரட்டை. ஒரு சேனல் வேலை பார்க்கும், மற்றது எல்லாவற்றையும் கணக்குப் போட்டபடி தயாராக நிற்கும். முதலாவது தடுமாறினால் இரண்டாவது எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் விமானிக்கு என்ஜின் சத்தத்தில்கூட வித்தியாசம் தெரியாது. பல என்ஜின்களில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் சேனல்கள் முறை மாற்றிக்கொள்ளும். ஸ்பேர் டயர் வருஷக்கணக்காக டிக்கியில் கிடந்து, தேவைப்படும் அன்றைக்குப் பஞ்சராக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே? ஸ்பேர் சேனலுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

மின்சாரம்? அங்கேயும் தனிக்குடித்தனம்தான். என்ஜின் சுற்ற ஆரம்பித்ததும், அதிலேயே பொருத்தியிருக்கும் சின்ன ஜெனரேட்டர் ஃபேடெக்குக்கு மட்டும் மின்சாரம் தரும். விமானத்தில் மொத்தமாகக் கரண்ட் போனாலும், என்ஜின் சுற்றும் வரை அதன் மூளை விழித்திருக்கும்.

பெருக்கல் கணக்கு

வலது என்ஜினின் ஃபேடெக் இடது என்ஜினைக் கட்டுப்படுத்தாது. இதற்குத் தனி மூளை, தனி மின்சாரம், தனி எரிபொருள் பம்ப். அதற்கும் அப்படியே. ஒன்றின் கோளாறு இன்னொன்றுக்குத் தொற்றக் கூடாது என்பதுதான் வடிவமைப்பின் அடிப்படை விதி.

ஓடுதளத்தில் இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தை எட்டிய பிறகு ஒரு என்ஜின் போனாலும், மீதமுள்ள ஒன்றை வைத்து மேலே ஏறியாக வேண்டும். இதை நிரூபிக்காத எந்த இரட்டை என்ஜின் பயணிகள் விமானத்துக்கும் அனுமதி கிடைக்காது. அதனால் சாதாரண நாளில் உங்கள் விமானத்திடம் தேவைக்கு மேல் நிறையவே விசை இருக்கிறது.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வரவில்லை. 1953-ல் வந்த அமெரிக்க விதிப்படி, இரட்டை என்ஜின் விமானம் எந்த நேரத்திலும் ஒரு விமான நிலையத்தில் இருந்து 60 நிமிடத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதுவும் ஒற்றை என்ஜின் வேகத்தில் கணக்கிட்டு. கடல் தாண்ட மூணு, நாலு என்ஜின் வேண்டும் என்பது அன்றைய நிலை. 1985-ல் 120 நிமிடம், 1988-ல் 180 நிமிடம் என்று தளர்த்தினார்கள். 2014-ல் ஏர்பஸ் ஏ350-க்கு ஐரோப்பா 370 நிமிடம் வரை அனுமதித்தது. அதாவது ஒற்றை என்ஜினோடு ஆறு மணி நேரத்துக்கும் மேல்! நாலு என்ஜின் ஜம்போக்கள் ஓரங்கட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தைரியத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு பெருக்கல். உதாரணத்துக்கு, ஒரு மணி நேரப் பறப்பில் ஒரு என்ஜின் பழுதாக லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அதே மணி நேரத்தில் போக வேண்டுமானால் லட்சத்தை லட்சத்தால் பெருக்க வேண்டும். ஆயிரம் கோடியில் ஒன்று. நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் இந்தப் பெருக்கலில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டு பழுதுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இருக்கக் கூடாது. ஒரே காரணம் இரண்டையும் அடித்தால் கணக்கு திரும்ப லட்சத்தில் ஒன்றுக்கே வந்துவிடும்.

ஹீத்ரோவில் அடித்தது ஐஸ்

விசாரணையில் முதலில் தெரிந்த விஷயமே ஆச்சரியமானது. கணினிகள் மேல் தப்பே இல்லை. விசை குறைகிறது என்று இரண்டு ஃபேடெக்கும் உடனே கண்டுபிடித்தன. எரிபொருள் வால்வை முழுசாகத் திறந்தும் விட்டன. குழாயைத் திறந்தாச்சு, தண்ணி வரலை. அதே நிலைமைதான்.

விமான எரிபொருளில் எப்போதும் துளியூண்டு தண்ணீர் கலந்திருக்கும். இது வழக்கமானது, விதிகளுக்கு உட்பட்டது. பெய்ஜிங்கில் இருந்து வந்த வழியில் டேங்கில் இருந்த எரிபொருள் மைனஸ் 34 டிகிரி வரை குளிர்ந்தது. எரிபொருள் உறையவில்லை, அதற்கு இன்னும் நிறைய இடைவெளி இருந்தது. ஆனால் அதில் இருந்த தண்ணீர் ஐஸ் ஆகி, குழாய்களின் உள்சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. மைனஸ் 5-க்கும் மைனஸ் 20-க்கும் நடுவில் இந்த ஐஸுக்குப் பிசுபிசுப்பு அதிகம் என்பது பிறகு நடந்த சோதனைகளில் தெரிந்தது.

நீண்ட பயணத்தில் எரிபொருள் நிதானமாக ஓடியதால் படிந்தது அப்படியே இருந்தது. இறங்கும் நேரத்தில் என்ஜின்கள் திடீரென்று நிறைய எரிபொருளை இழுத்தபோது, அந்த ஐஸ் மொத்தமாகப் பெயர்ந்து கிளம்பியது. போய் நின்ற இடம், எரிபொருளும் என்ஜின் ஆயிலும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு உருளை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய குழாய்கள் கொண்டது. அந்தக் குழாய்களின் முனைகள் தட்டின் முகப்பில் இருந்து சில மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தன. ஐஸ் தங்க அது போதும். வடிகட்டியில் தேங்காய்த் துருவல் அடைத்துக்கொள்கிற மாதிரி வாயை அடைத்துவிட்டது.

இரண்டு என்ஜின், நாலு சேனல், இரண்டு பம்ப், இரண்டு உருளை. எல்லாம் இரட்டைதான். ஆனால் குளிர் ஒன்று, எரிபொருள் ஒன்று, உருளையின் வடிவமும் ஒன்று.

அதே வருஷம் நவம்பரில் இன்னொரு 777. ஷாங்காயில் இருந்து அட்லாண்டா போன டெல்டா விமானம், அதே ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் என்ஜின். நடுவானில் ஒரு என்ஜினின் விசை குறைந்தது. உயரம் நிறைய இருந்ததால் விமானிகள் கீழே இறக்கி, லீவரைப் பின்னால் இழுத்து, எரிபொருள் ஓட்டத்தைக் குறைத்தார்கள். சூடான ஆயில் ஐஸை உருக்கிவிட்டது. என்ஜின் பழைய நிலைக்கு வந்தது. விசை வேண்டும் என்றால் லீவரைப் பின்னால் இழு என்பது எந்த விமானிக்கும் உள்ளுணர்வில் வராத விஷயம். 720 அடியில் இருந்த ஹீத்ரோ விமானிகளுக்கு அதற்கு நேரமும் இல்லை. பிறகு ரோல்ஸ் ராய்ஸ் அந்த உருளையை மாற்றி வடிவமைத்தது. துருத்திய குழாய்கள் தட்டோடு தட்டாகச் சமமாக்கப்பட்டன.

ஒரே கை, ஒரே கோடு

பொதுக் காரணம் என்பது ஐஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு மெக்கானிக்கின் கையாகவும் இருக்கலாம். 1983 மே 5-ம் தேதி மயாமியில் இருந்து நாசோ கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்துக்கு மூன்று என்ஜின். ஆயிலில் உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சின்ன பாகத்தை முந்தைய இரவு மூன்றிலும் மாற்றினார்கள். மூன்றிலும் ரப்பர் வளையம் போட மறந்துவிட்டார்கள். மூன்றிலும் ஆயில் ஒழுகியது. ஒன்றை ஏற்கெனவே விமானிகள் அணைத்திருந்தார்கள். மற்ற இரண்டும் தானாக நின்றபோது, அணைத்ததையே மறுபடி உயிர்ப்பித்துத் தட்டுத்தடுமாறி மயாமி வந்து சேர்ந்தது விமானம்.

இன்று நீண்ட கடல் பயணம் போகும் இரட்டை என்ஜின் விமானங்களில், ஒரே மெக்கானிக் ஒரே சமயத்தில் இரண்டு என்ஜினிலும் ஒரே வேலையைச் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தவிர்க்கவே முடியாவிட்டால் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அந்த ஆள் மேல் சந்தேகம் இல்லை. அவரும் மனுஷன்தான், ஒரு தப்பை இரண்டு இடத்தில் செய்ய வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

மென்பொருளில் இது இன்னும் சிக்கல். ஐ.டி.யில் இருப்பவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். ஒரு பாகம் தேய்ந்து உடைவதற்கு ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் உண்டு. கோடில் இருக்கும் தப்பு அப்படியில்லை. எத்தனை காப்பி போட்டாலும் அத்தனையிலும் அச்சு அசலாக அதே தப்பு, அதே நொடியில்.

2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787-க்கு ஒரு உத்தரவு போட்டது. அதன் நாலு பெரிய ஜெனரேட்டர்களுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கணினி உண்டு. நாலிலும் ஒரே மென்பொருள். 248 நாட்கள் தொடர்ந்து ஆன் செய்தே வைத்திருந்தால் உள்ளே நேரத்தை எண்ணும் எண் நிரம்பி வழிந்து, நாலும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய் ஜெனரேட்டர்களை நிறுத்திவிடும் என்று ஆய்வகச் சோதனையில் தெரிந்தது. நூறில் ஒரு விநாடியாக எண்ணினால் 32 பிட் எண்ணின் நேர்மறைப் பாதி சரியாக அந்த 248 நாளில்தான் தீரும். திருத்தம் வரும் வரை என்ன தீர்வு தெரியுமா? குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை விமானத்தின் மின்சாரத்தை முழுசாக ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள். ஆமாம், நம்ம வைஃபை ரவுட்டருக்குச் செய்கிற அதே வைத்தியம்.

அது வானத்தில் நடக்காமலேயே பிடிபட்டது. எல்லாம் அப்படிப் பிடிபடுவதில்லை. 2015 மே 9-ம் தேதி ஸ்பெயினின் செவில் நகரில் புத்தம்புது ஏர்பஸ் ஏ400எம் ராணுவ விமானம் சோதனைக்குக் கிளம்பியது. நாலு என்ஜின். மேலெழும்பிய கொஞ்ச நேரத்தில் மூன்று என்ஜின்கள் விமானியின் லீவருக்குக் கட்டுப்படவில்லை. மென்பொருள் ஏற்றும்போது, அந்த மூன்று என்ஜின்களின் கணினியிலும் இருக்க வேண்டிய அளவீட்டுத் தகவல்கள் அழிந்துபோயிருந்தன. ஆறு பேரில் நாலு பேர் இறந்தார்கள். மற்றபடி என்ஜின்களில் ஒரு குறையும் இல்லை.

ஜோடியைப் பிரிக்கும் வைத்தியம்

ஒரு ரக என்ஜினில் குறை இருப்பது தெரிகிறது, எல்லாவற்றையும் உடனே மாற்ற என்ஜின் இல்லை. அப்போது என்ன செய்வது? இந்தியாவிலேயே இதற்கு உதாரணம் உண்டு. இண்டிகோவின் ஏ320 நியோ விமானங்களில் இருந்த பிராட் அண்ட் விட்னி என்ஜின்களில், டர்பைன் பிளேடு உடையும் பிரச்சினை தொடர்ந்து வந்தது. 2019 அக்டோபர் கடைசியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஓர் உத்தரவு போட்டது. இரண்டு என்ஜினும் 2,900 மணி நேரத்தைத் தாண்டிய 16 விமானங்களில், ஒரு இறக்கையிலாவது திருத்தப்பட்ட புது என்ஜின் இருக்க வேண்டும். சில நாளில், அந்த ரக என்ஜின் கொண்ட 97 விமானங்களுக்கும் மாற்றம் கட்டாயம் என்று உத்தரவு விரிந்தது.

கவனியுங்கள், முதல் உத்தரவு கேட்டது ஒன்றை மட்டும்தான். பழைய என்ஜினும் பழைய என்ஜினும் ஜோடி சேர்ந்தால் ஒரே நோய் இரண்டுக்கும் வரலாம். பழசும் புதுசும் சேர்ந்தால் பெருக்கல் கணக்கு மறுபடி செல்லுபடியாகும். பயணிக்கு இது முழுத் திருப்தி தராதுதான். எனக்கும் தரவில்லை. ஆனால் எல்லா என்ஜினும் வரும்வரை காத்திருப்பதைவிட, இருக்கிற புது என்ஜின்களை விமானத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பது கணக்குப்படி புத்திசாலித்தனம்.

அகமதாபாத்

இந்தப் பேச்சு எடுத்தாலே இன்று எல்லோரும் கேட்பது 2025 ஜூன் 12-ஐப் பற்றித்தான். லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா 171, போயிங் 787. விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் உயிரிழந்தார்கள். என்ன காரணம், யார் காரணம் என்று இங்கே ஊகிக்கப்போவதில்லை. ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை, ஃபேடெக்கால் எது முடியும், எது முடியாது என்பதை விநாடிக் கணக்கில் காட்டுகிறது. அதை மட்டும் பார்ப்போம்.

காக்பிட்டில் என்ஜினுக்கு ஒன்றாக இரண்டு எரிபொருள் சுவிட்சுகள் உண்டு. அதை 'கட் ஆஃப்' பக்கம் வைத்தால் அந்த என்ஜினுக்கு எரிபொருள் நிற்கும். தீப்பிடித்த என்ஜினை உடனே நிறுத்த வேண்டி வரும் என்பதால், இந்தக் கட்டளையை மறுக்கும் அதிகாரம் கணினிக்குத் தரப்படவில்லை. முழு அதிகாரம் என்று பெயர் இருந்தாலும் அதற்கு மேலே இந்தச் சுவிட்ச் இருக்கிறது.

மதியம் 1.38.39-க்கு விமானம் மேலெழும்பியது. மூன்று விநாடி கழித்து அதிகபட்ச வேகமான 180 நாட்டை எட்டியது. அதையொட்டி, ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு சுவிட்சுகளும் அடுத்தடுத்து 'கட் ஆஃப்' நிலைக்குப் போனதாகப் பதிவு சொல்கிறது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்பதும், நான் செய்யவில்லை என்று மற்றவர் சொல்வதும் குரல் பதிவில் இருக்கிறது. 1.38.52-க்கு முதல் என்ஜினின் சுவிட்ச் மறுபடி 'ரன்' நிலைக்கு வந்தது. 1.38.56-க்கு இரண்டாவது.

அந்த நொடியில் இரண்டு ஃபேடெக்கும், யாரும் சொல்லித்தராமல், தங்கள் வேலையை ஆரம்பித்தன. தீப்பொறி கொடுத்து, எரிபொருளை அளந்து விட்டு, என்ஜினை மறுபடி பற்ற வைப்பது. இரண்டிலும் சூடு ஏறியது. முதல் என்ஜினில் சுழற்சி குறைவது நின்று, திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது, ஆனால் வேகம் விழுவது நிற்கவில்லை. அதன் ஃபேடெக் மறுபடி மறுபடி எரிபொருளைக் கொடுத்துப் பார்த்தது. ஜெட் என்ஜின் பற்றிக்கொண்ட உடனே முழு விசையைத் தராது. வேகம் ஏற நேரம் வேண்டும், அதுவரை இறங்க உயரம் வேண்டும். முதல் சுவிட்ச் திரும்பி வந்த 19-வது விநாடியில், 1.39.11-க்கு, பதிவு நின்றுபோனது.